சரணபதமும் இரண்டு ஆங்கிலச் சொற்களும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நம் க்ரந்தங்களை ஆங்கிலத்தில் ஆக்கி வெளியிடும் ஒரு ஸபையார், முமுக்ஷுப்படியில் த்வயப்ரகரணத்தின் மொழிபெயர்ப்பை அச்சுக்குக் கொடுக்குமுன் ஒருமுறை பார்த்துத் தரவேணுமென்று, சென்ற ஐப்பசித் திருமூலம் கழிந்த மறுநாள் அடியேனுக்கு அனுப்பியிருந்தார்கள். அடியேன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் வாசித்தவனல்லேன். திருத்தகப்பனார் ஸந்நிதியில் அருளிச்செயலும் காவ்யமும் வ்யாகரணமும் கேட்டு, கோயில் கைங்கர்யத்தில் காலம் போக்கினவன். ஆங்கிலம் நடுவயதில் அகராதியைத் துணைகொண்டு தெரிந்துகொண்டது. ஆகையால் அவர்கள் கேட்டதும் மூலத்துக்கு மாறுபாடு உண்டோ என்று பார்க்கும்படியே. ஆங்கில நடையைப் பற்றியன்று. ஆயினும் ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டேன். ‘சரணம்’ என்று மூலத்தில் வருமிடமெல்லாம் ‘ஸரண்டர்’ என்று அச்சடித்திருக்க, ஓரத்தில் யாரோ பென்சிலால் ‘ரெஃப்யூஜ்’ என்றெழுதிக் கேள்விக்குறி இட்டிருந்தார்கள். உடன் வந்த கடிதத்தில், இரண்டும் ஒருபொருட்சொற்களே ஆகையால் எது உசிதமென்று தோன்றுகிறதோ அதை வைத்துவிடுகிறோம் என்று கண்டிருந்தது.

ஒருபொருட்சொற்கள்தாமோ என்பதே இங்கு விசாரம். அதற்கு முன் அடியேன் பிழையையும் சொல்லிவிடவேணும். சுமார் முப்பது வருஷங்களுக்கு முன் சரணாகதியைப் பற்றிய ஒரு துண்டுப்ரசுரத்தின் ஆங்கிலப் பகுதிக்கு இதே ‘ஸரண்டர்’ என்னும் சொல்லை அடியேனே ஒப்புக்கொண்டேன். அப்போது அதில் குறையொன்றும் தோன்றவில்லை. தோன்றும்படி செய்தவை பிற்பாடு நேர்ந்த இரண்டு ஸம்பவங்கள்.

வெளிநாட்டில் வளரும் பேத்தி, அப்போது ஒன்பது வயது, விடுமுறையில் வந்திருந்தவள் அந்தத் துண்டுப்ரசுரத்தை அலமாரியிலிருந்து தானே எடுத்து வாசித்துவிட்டு, “தாத்தா, நாம பெருமாளோட எப்போ சண்டை போட்டோம்?” என்று கேட்டாள். சண்டையாவது என்னம்மா என்றேன். “தோத்துப் போனவாதானே ஸரண்டர் பண்ணுவா?” என்றாள். சிரித்துக்கொண்டு ஏதோ ஸமாதானம் சொல்லி அனுப்பினேன். குழந்தை வைத்தது நல்லதொரு பூர்வபக்ஷம் என்று அன்று புத்தியில் படவில்லை.

மற்றது சிரிக்கும்படியானதன்று. பஞ்சஸம்ஸ்காரம் ஆகிப் பலகாலம் காலக்ஷேபம் கேட்ட ஒரு அம்மையார், பிள்ளையின் வ்யாதி தீராமையாலே மனமுடைந்து வந்து, “என்னோட ஸரண்டர் இன்னும் முழுசா ஆகலை ஸ்வாமி, அதான் அவர் கேக்க மாட்டேங்கறார்” என்று கண்ணீர் விட்டார். தமிழிலே பேசிக்கொண்டிருந்தவர் அந்த ஒரு சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார் என்பதைக் கவனிக்கவேணும். அவர் வாசித்த ஆங்கிலப் புத்தகங்களில் ‘டோட்டல் ஸரண்டர்’, ‘கம்ப்ளீட் ஸரண்டர்’ என்று பக்கந்தோறும் கண்டிருக்கிறார். முழுசான ஸரண்டர் என்று ஒன்று உண்டானால் அரைகுறையான ஸரண்டரும் உண்டாகவேணுமே. தம்முடையது அரைகுறை என்று அவர் தீர்மானித்துவிட்டார். இனி பிள்ளைக்கு நேருவதெல்லாம் தம் குறையால் நேருவது என்றாயிற்று. ப்ரபந்நனுக்கு நிர்பரத்வமும் நிர்பயத்வமும் உண்டாகவேணுமென்று நம் முதலிகள் விரித்துரைத்திருக்க, அதே விஷயத்தைச் சொல்லவந்த ஒரு சொல் அவர் தலையில் பாரத்தை ஏற்றிவிட்டது.

‘ரெஃப்யூஜ்’ என்பதற்கு முன்னே ‘டோட்டல்’ என்று கூட்டிச் சொல்வதை அடியேன் எங்கும் கண்டதில்லை. சொன்னாலும் பொருந்தாது. மழைக்கு ஒதுங்கினவன் கூரையின் கீழ் வந்தானா இல்லையா என்பதே கேள்வி. எவ்வளவு பூர்ணமாக ஒதுங்கினான் என்று கேட்பார் இல்லை. அவன் நனையாமலிருப்பது கூரையின் பெருமை. மஹாவிச்வாஸம் வேணுமென்று நம் க்ரந்தங்களும் சொல்லவில்லையோ என்னில், சொல்லுகின்றன. ஆனால் விச்வாஸமானது அவனுடைய குணங்களைப் பார்த்துப் பிறப்பது. தன்னைத் தான் அளந்து பார்த்துப் பிறப்பதன்று. தன்னைப் பார்த்தால் அச்சமும் அவனைப் பார்த்தால் அச்சம் நீங்குகையும் என்று பெரியோர் பிரித்துக் காட்டுவர்.

இனி அகராதியைப் பார்ப்போம். ஸ்கீட் என்பார் இயற்றிய ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதியில், ‘ஸரண்டர்’ என்பது பழைய ப்ரெஞ்சு மொழியில் ‘மேலே’ என்னும் பொருள்தரும் முன்னொட்டும், ‘திருப்பிக் கொடு’ என்னும் வினையும் கூடிப் பிறந்தது என்று காண்கிறது. ஆக அதன் தாது கொடுத்தல். ‘ரெஃப்யூஜ்’ என்பது லத்தீன் மொழியில் ‘திரும்ப’ என்னும் முன்னொட்டோடு ‘ஓடு’ என்னும் வினை கூடினது. அதன் தாது கதி. நம் பக்ஷத்தில் ‘ப்ரபத்யே’ என்பதற்குத் தாது ‘பத்’. அதற்கும் கதியே அர்த்தம். ‘சரணாகதி’ என்னும் ஸமாஸத்தில் ‘ஆகதி’ என்று வருகையே சொல்லப்படுகிறது. தமிழில் சரண் புகுதல் என்கிறோம், அடைக்கலம் புகுதல் என்கிறோம், புகல் என்கிறோம்; எல்லாம் ‘புகு’ என்னும் அடி. கத்யர்த்த தாதுக்கள் புத்யர்த்தமும் ஆம் என்னும் ந்யாயத்தாலே இந்தப் போக்கு காலால் நடக்கும் போக்கன்று, மாநஸமான அத்யவஸாயம் என்று வ்யாக்யாதாக்கள் நிர்வஹிப்பர். எப்படியாயினும் போதல், புகுதல், பற்றுதல் என்னும் வழியில்தான் வடமொழியும் தமிழும் நிற்கின்றன. கொடுத்தல் என்னும் பொருள் இந்தச் சொற்களில் இல்லை.

சிலர் ‘சரண்’ என்ற நம் சொல்லே மேனாட்டில் ‘ஸரண்டர்’ ஆயிற்று என்று உபந்யாஸத்தில் சொல்லக் கேட்டதுண்டு. கேட்போருக்கு அது இனிக்கவும் செய்கிறது. செவிக்கு ஒத்திருப்பதைத் தவிர இரண்டுக்கும் ஒரு ஸம்பந்தமும் இல்லை. இந்த ஓசை ஒற்றுமையாலேயே அந்தச் சொல் நம்மவரிடையே இத்தனை எளிதாகப் புகுந்ததோ என்று தோன்றுகிறது.

புகுந்தது மட்டுமன்று, நம் சொல்லையும் கெடுக்கத் தொடங்கிவிட்டது. நாளிதழைப் பிரித்தால், வழக்கில் தேடப்பட்டவர் நீதிமன்றத்தில் சரணடைந்தார் என்று தலைப்பு. ‘ஸரண்டர்’ என்னும் நீதிமன்றச் சொல்லுக்குத் தமிழ் வேண்டி நம் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தலைப்பை நாள்தோறும் வாசித்து வளரும் பிள்ளைக்கு, ஸ்ரீவிபீஷணாழ்வான் சரணடைந்தார் என்றால் கைவிலங்குக்குக் கை நீட்டினவரே நினைவில் வருவார். அரசு உத்யோகஸ்தர் விடுப்பை ஸரண்டர் செய்து காசாக்குகிறார். ஆயுள் காப்பீட்டுப் பாலிஸியைத் தவணைக்கு முன்பே ஸரண்டர் செய்தவருக்குக் குறைந்த தொகை கிடைக்கிறது. இவையெல்லாம் குற்றமென்று சொல்லவரவில்லை. சொல்லுக்கு உலகம் தந்திருக்கும் பொருள் இவை. மொழிபெயர்க்கிறவன் அகராதியில் உள்ள பொருளை மட்டும் அனுப்பமுடியாது. வாசிப்பவன் காதில் முன்பே உள்ள பொருளும் கூடவே போகும்.

அடியேன் காதில் அந்தச் சொல் முதலில் விழுந்தது 1971-ஆம் வருஷம் டிஸம்பர் 16-ஆம் தேதி. டாக்காவில் பாகிஸ்தான் ஸேனாதிபதி நியாஸி நம் ஸேனாதிபதி அரோராவின் முன்னிலையில் கையெழுத்திட்டார் என்று வானொலியில் சொன்னார்கள். தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்டவர் சிறைப்பட்டனர். அந்த உடன்படிக்கையிலும் ஆயுதத்தைக் கீழே வைத்தவர்களுக்குக் காப்பு உண்டு என்று எழுதியிருந்தது உண்மை. ஆனால் அது ஜயித்தவர் பிற்பாடு தருகிற உறுதிமொழி. தோற்றவர் அதை நாடி வந்தாரல்லர், வேறு வழியின்றி நின்றார். நம்முடையதில் காப்பே முதலில் நிற்கிறது. காக்குமவன் ஒருவன் உளன் என்று அறிந்த பின்பே ஒருவன் புறப்படுகிறான்.

இனி வ்யாகரண விஷயம். அடியேனுக்கு இதுவே முக்யமாகத் தோன்றுவது. த்வயத்தை இங்கு முழுவதும் எழுதேன். அது ஆசார்யமுகமாக வரவேண்டுவது. பூர்வவாக்யத்தில் வினையோடு சேரும் இரண்டு பதங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ‘சரணௌ’ என்று திருவடிகளைச் சொல்லும் பதம் ஒன்று, ‘ஶரணம்’ என்று புகலைச் சொல்லும் பதம் ஒன்று. தமிழ் லிபியில் இரண்டு எழுத்தும் ஒன்றாய்விடுவதால் க்ரந்தம் பழகாதவர்க்கு இரண்டும் ஒரே சொல்போலத் தோன்றும், வேறு வேறு. முதலது த்விவசனம், மற்றது ஏகவசனம். இரண்டும் த்விதீயா விபக்தி. வேதங்கள் ப்ரமாணம் என்னுமிடத்தில் பன்மைக்கு ஒருமை விசேஷணமாய் நின்றாப்போலே, இங்கும் இருமைக்கு ஒருமை. திருவடிகள் எவையோ அவையே சரணம் என்று ஸாமாநாதிகரண்யம். ‘சரணம்’ என்பதற்கு உபாயம், இல்லம், ரக்ஷகன் என்று மூன்று பொருள் உண்டாயிருக்க, இங்கு உபாயத்தையே சொல்லுகிறது என்று பிள்ளைலோகாசார்யர் முதலானோர் நிர்ணயித்தனர். எந்தப் பொருளைக் கொண்டாலும் அந்தச் சொல் சுட்டுவது எம்பெருமானை. நம்முடைய செயலைச் சொல்லும் சொல் அதற்கப்பால் இருக்கும் வினை ஒன்றே.

ஸபையாரின் ஆங்கிலத்தில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். திருவடிகளுக்கு ஸரண்டர் செய்கிறேன் என்னும் பொருளில் வாக்யம் முடிந்துவிட்டது. இரண்டு த்விதீயைகளில் ஒன்று காணோம். ‘சரணம்’ என்னும் பெயரும் ‘ப்ரபத்யே’ என்னும் வினையும் கலந்து ‘ஸரண்டர்’ என்னும் ஒரே வினையாய்விட்டன. மூலத்தில் அவனுக்குப் பெயராயிருந்தது மொழிபெயர்ப்பில் நம்முடைய செயலாக மாறிற்று. திருவடிகளோ உபாயமாக இருந்த நிலைபோய், நாம் ஒன்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடமாக நான்காம் வேற்றுமையில் நிற்கின்றன. மந்த்ரத்தின் உயிர்நிலையை இப்படி எடுத்துவிட்டு எத்தனை அழகான ஆங்கிலம் எழுதி என்ன! ‘ரெஃப்யூஜ்’ என்று வைத்தாலோ பெயர் பெயராகவே நிற்கும். திருவடிகளே ரெஃப்யூஜ் என்று சொல்ல இடமிருக்கும்.

ஸ்ரீராமாயணத்தைச் சரணாகதி சாஸ்த்ரம் என்பர். அங்கே இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் உரசிப் பார்க்கலாம். ஸ்ரீவிபீஷணாழ்வான் நான்கு ராக்ஷஸர்களோடே ஆகாசத்தில் வந்து நின்று, மனைவி மக்களை விட்டு ராகவனைச் சரணமாக அடைந்தேன் என்று அறிவித்தார். அவர் யுத்தத்தில் தோற்றவரல்லர். யுத்தமே இன்னும் தொடங்கவில்லை. மனைவி மக்களை விட்டார், இலங்கையை விட்டார். ஒன்றையும் பெருமாள் கையில் ஒப்படைக்கவில்லை. விடுதல் வேறு, ஒப்படைத்தல் வேறு. இந்த வருகையை ஸரண்டர் என்று புரிந்துகொண்டவர் ஒருவர் அங்கே உண்டு: மஹாராஜரான ஸுக்ரீவர். சத்ருபக்ஷத்திலிருந்து வந்தவன், ஆயுதபாணி, நம்பத்தகாதவன், பிடித்துக் கட்டவேணும், கொல்லவேணும் என்றார். எதிரிப்படையிலிருந்து ஒருவன் வந்து நின்றால் ஸேனாதிபதி கேட்கவேண்டிய கேள்விகளையே அவர் கேட்டார். அவரிடத்தில் குற்றமில்லை, ப்ரேமத்தாலே வந்த கலக்கம். பெருமாள் அதே வருகையை வேறாகக் கண்டார். வேடனொருவன், புறாவின் பேடையைப் பிடித்தவன், அந்தப் புறா வாழும் மரத்தடியிலே வந்து ஒதுங்க, அது தன் மாம்ஸத்தையே கொடுத்து உபசரித்த கதையை எடுத்துக் காட்டினார். அந்த வேடன் புறாவுக்கு ஸரண்டர் செய்தான் என்று எந்த ஆங்கிலேயனாவது எழுதுவானோ? சத்ருவாயிருந்துகொண்டே ஒதுங்கினான். ஒதுங்கினதே போதுமாயிற்று. வந்தவன் ராவணனேயாகிலும் ஆகட்டும் என்று பெருமாள் அருளிச்செய்ததும் இந்தக் கணக்கிலேதான்.

இன்னுமோரிடம். கடலைக் கடக்க உபாயம் கேட்டபோது, ராகவன் ஸமுத்ரராஜனைச் சரணம் அடைவது தகும் என்று ஸ்ரீவிபீஷணாழ்வான் விண்ணப்பம் செய்தார். பெருமாளும் மூன்று இரவு தர்ப்பசயனத்தில் கிடந்தார். அதே சரணபதம்தான் அங்கும். ‘ஸரண்டர்’ வாதிகள் அங்கே என்ன எழுதுவார்கள்? சக்ரவர்த்தித் திருமகன் கடலுக்குத் தோற்றான் என்றோ? ஆகையால் அந்த இடம் வந்தவுடன் மெல்ல வேறு சொல்லுக்கு மாறிவிடுகிறார்கள். ஒரு சொல் ஓரிடத்தில் செல்லாமற்போனால், மற்ற இடங்களில் அது செல்லுகிறதா என்று அப்போதாவது பார்க்கவேணும். அந்தச் சரணாகதி பலியாமற்போனதற்குப் பெரியோர் சொல்லும் காரணமும் இங்கே உதவுகிறது: பற்றினவர் ஸமர்த்தர், அகிஞ்சநரல்லர், பற்றப்பட்டதோ புகலாகும் யோக்யதை இல்லாதது. அதாவது புகலின் தகுதியையும் புகுகிறவனின் கதியில்லாமையையும் பார்க்கிறார்கள். எவ்வளவு கொடுத்தான் என்று பார்க்கிறார்களில்லை.

காகாஸுரனிடத்தில் ‘ஸரண்டர்’ ஓரளவு பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்ளவேணும். அவன் அபராதி, அஸ்த்ரத்தால் துரத்தப்பட்டவன், வேறு வழியின்றி விழுந்தவன், கண்ணையும் கொடுத்தவன். ஆயினும் மூன்று லோகங்களும் ஓடிப் பார்த்து, எங்கும் நிலைபெறாமல், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி ஓடிவந்தவன் அவன். ‘திரும்ப ஓடுதல்’ என்னும் லத்தீன் தாதுப்பொருளுக்கு இதைவிட உதாஹரணம் எங்கே தேடுவது?

இத்தனையும் எழுதி வரும்போது அடியேனுக்கு ஒரு சங்கை உண்டாயிற்று. தென்னாசார்ய ஸம்ப்ரதாயத்தில் பிறந்தவனாகையாலே, எம்பெருமானே உபாயம், ப்ரபத்தியும் உபாயமன்று, அது இசைவு மாத்ரம் என்னும் ஸித்தாந்தத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லை நிறுக்கிறேனோ என்று. ஸ்வாமி தேசிகனுடைய நிர்வாஹத்திலே ஸித்தோபாயனான எம்பெருமானை வசீகரிக்கைக்குப் ப்ரபத்தி ஸாத்யோபாயம். அதில் அங்கியாய் நிற்பது பரஸமர்ப்பணம். ஸமர்ப்பணம் என்றால் கொடுத்தல்தானே. அந்தப் பக்ஷத்தார்க்கு ‘ஸரண்டர்’ உகந்ததாகாதோ?

பார்த்தவிடத்தில் அவர்களுக்கும் அது உதவவில்லை. தேசிகன் ஆளும் சொல் ந்யாஸம், நிக்ஷேபம்; க்ரந்தங்களுக்கே ந்யாஸதசகம், ந்யாஸவிம்சதி, நிக்ஷேபரக்ஷை என்று பெயர். நிக்ஷேபமாவது, தூரதேசம் போகிறவன் நகைப்பெட்டியை நம்பினவர் வீட்டில் வைத்துப்போவது. வைத்தவன் தோற்றவனல்லன், பெட்டி பத்ரமாயிருக்கும் என்று நிம்மதியாகப் போகிறவன். இதற்கு ஆங்கிலத்தில் ‘டெபாஸிட்’ என்றும் ‘என்ட்ரஸ்ட்’ என்றும் சொற்கள் உள. ‘ஸரண்டர்’ செய்த நகையைப் பற்றி யாரும் நிம்மதியாயிருப்பதில்லை. ஆகவே இது கலைபேதத்தால் வந்த விவாதமன்று. உபாயம் யார் என்பதில் இரண்டு ஸம்ப்ரதாயத்தாரும் தங்களுக்குள் நுட்பமாக வாதிடலாம்; அந்த வாதத்தை ஆங்கிலத்தில் நடத்துவதற்குக்கூட ‘ஸரண்டர்’ தடையாயிருக்கிறது. சரணமும் நிக்ஷேபமும் வேறு என்னும் அளவையே அது அழித்துவிடுகிறதன்றோ.

‘ஸரண்டர்’ என்னும் சொல்லுக்கு ஒரு நியாயமும் செய்யவேணும். போர்க்களத்து அர்த்தம் ஒருபுறமிருக்க, ஆங்கிலேயரின் நிலச்சட்டத்தில் அதற்கு வேறோர் அர்த்தமும் உண்டு: குத்தகைதாரன் தவணை முடியுமுன் நிலத்தை உடையவனிடமே திருப்பி ஒப்படைத்தல். இது நம் விஷயத்துக்கு வெகு சமீபம். ஆத்மா அவனுடைய ஸொத்து, நடுவில் நாம் என்னுடையது என்றிருந்தோம், உடையவனிடம் சேர்க்கிறோம். ஆத்மஸமர்ப்பணத்துக்கு இந்தப் பொருளில் ‘ஸரண்டர்’ என்றால் தோஷமில்லை. ஆனால் அந்த ஸமர்ப்பணத்தையே நம் பெரியோர் என்ன செய்தார்கள்? திருவாய்மொழி இரண்டாம் பத்து மூன்றாம் திருவாய்மொழியில் ஆழ்வார் ஆவியைத் தந்தேன் என்று சொல்லிவிட்டு, அதே பாசுரத்திலே, யாருடைய ஆவி, தந்தவன்தான் யார் என்று கலங்கி மீளுகிறார். ஆளவந்தாரும் ஸ்தோத்ரரத்நத்தில் ஆத்மாவைத் திருவடிகளில் ஸமர்ப்பித்து, அடுத்த ச்லோகத்திலேயே, எல்லாம் தேவரீருடையதாயிருக்க எதை ஸமர்ப்பிப்பேன் என்று அநுதாபப்படுகிறார். ஆக ‘ஸரண்டர்’ என்னும் சொல்லின் மிகச் சிறந்த பொருளை எடுத்துக்கொண்டாலும், சொன்ன வாய் மூடுமுன் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டியதாயிருக்கிறது. சரணம் என்று சொன்னதை ஆழ்வாராகிலும் ஆளவந்தாராகிலும் திருப்பி வாங்கிக்கொண்டதில்லை.

‘ரெஃப்யூஜ்’ குற்றமற்றதோ என்னில், அன்று. அந்தச் சொல் பயத்தையே காட்டுகிறது. பயமில்லாமல், அவன் அழகுக்கும் சீலத்துக்கும் தோற்று வருகிறவர்களுக்கு அது இடம் தராது. ஸம்ஸாரபயம் தீர்ந்த பின்பும் திருவடிகளே ப்ராப்யமாயிருக்குமென்பதையும் அது தெரிவிக்காது. மழை விட்டால் ஒதுங்கினவன் போய்விடுகிறான். இந்தக் குறையை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அடியேனிடம் சொன்னார்; மறுக்கவில்லை. ஆனால் த்வயத்திலேயே பூர்வவாக்யம் உபாயத்தையும் உத்தரவாக்யம் ப்ராப்யத்தையும் சொல்லப் பிரிந்திருக்கின்றன. கைங்கர்யத்தைச் சொல்ல உத்தரவாக்யம் இருக்கும்போது பூர்வவாக்யத்துச் சொல் அந்தச் சுமையையும் தாங்கவேணுமென்று கேட்கலாகாது.

இன்னொருவர், ‘ரெஃப்யூஜ்’ என்றால் ‘ரெஃப்யூஜீ’ நினைவுக்கு வருமே, அது தாழ்வன்றோ என்றார். இது கேட்டு அடியேனுக்கு ஸந்தோஷமே உண்டாயிற்று. அந்தச் சொல்லுக்குத் தமிழில் ‘அகதி’ என்கிறோம். கதி இல்லாதவன், வடசொல்லே. ப்ரபத்திக்கு அதிகாரம் எது என்னில், ஆகிஞ்சந்யமும் அநந்யகதித்வமும் என்பது இரண்டு ஸம்ப்ரதாயத்துக்கும் பொது. தன் கையில் ஒன்றுமில்லை, வேறு போக்கிடமும் இல்லை. ஆழ்வாரும் திருவேங்கடமுடையான் திருமுன்பே தம்மைப் புகலற்றவராக விண்ணப்பித்தார். ஊரையும் உடைமையையும் விட்டு ஒரு துணிமூட்டையோடு வந்து நிற்கிறவனைக் காட்டிலும் இந்த அதிகாரத்துக்கு லோகத்தில் த்ருஷ்டாந்தம் உண்டோ? அவனை யாரும் ‘உன் ஸரண்டர் பூர்ணமா’ என்று கேட்பதில்லை. அவன் கேட்பதும் ஒன்றே: கதவு திறக்குமா. தாழ்வென்று ஒதுக்கப் பார்த்த நிழற்பொருள்தான் இங்கே சொல்லுக்குப் பலமாயிற்று.

ஆங்கிலேயரே முதலில் இதை நேராகப் பிடித்தார்கள் என்பதையும் சொல்லவேணும். ஸ்ரீகீதையை முதன்முதலில் ஆங்கிலத்தில் ஆக்கி 1785-இல் லண்டனில் வெளியிட்ட சார்லஸ் வில்கின்ஸ், சரமச்லோகத்தில் ‘வ்ரஜ’ என்பதற்கு ‘ஃப்ளை’ என்று எழுதினார். பறத்தல் என்று நினைக்கவேண்டா. அந்நாள் ஆங்கிலத்தில் அதற்குத் தப்பியோடுதல் என்றும் பொருள். நூறு வருஷம் கழித்து 1885-இல் செய்யுளாகச் செய்த எட்வின் ஆர்னால்டு, ‘ஃப்ளை’ என்பதையும் ‘ரெஃப்யூஜ்’ என்பதையும் சேர்த்து வைத்ததோடு, என்னையே உனக்கு ரெஃப்யூஜாக்கு என்னும் வாக்யரீதியில் அமைத்தார். ‘மாம்’, ‘சரணம்’ என்னும் இரண்டு த்விதீயைகளும் அங்கே பிழைத்திருக்கின்றன. ஸம்ப்ரதாயம் அறியாத அவர் வ்யாகரணத்துக்குப் பணிந்ததால் பொருளும் தானே வந்தது. ஸம்ப்ரதாயம் அறிந்த நாம் பின்னாளில் ‘ஸரண்டர்’ என்றோம்.

கத்யத்ரயத்தின் விஷயம் ஒன்றுண்டு. சரணாகதி கத்யத்தை ஆங்கிலத்தில் ‘ஸரண்டர்’ என்னும் பெயராலே குறிக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. பங்குனி உத்தரத்தன்று சேர்த்தியிலே எம்பெருமானார் விண்ணப்பித்தது அது. அதில் முதலில் பிராட்டியைச் சரணம் பற்றுகிறார். தாயின் காலைக் கட்டிக்கொள்ளுகிற பிள்ளையின் செயலுக்கு ஸரண்டர் என்று பெயரிட்டு அச்சடிக்கிறோம். வாசிக்கும் பிள்ளைகள் கேள்வி கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது.

கைப்படியில் ‘ஸரண்டர்’ வந்த இடங்களையெல்லாம் ‘ரெஃப்யூஜ்’ என்று திருத்தினேன். ஓரிடத்தில் மட்டும் விட்டுவைத்தேன். மொழிபெயர்ப்பாளர் அடிக்குறிப்பில் ஆத்மஸமர்ப்பணத்தைப் பற்றித் தாமாக எழுதியிருந்த இடம் அது. ஸபையார் திருத்தங்களை ஏற்று, இரண்டாம் கைப்படியையும் அனுப்பினார்கள். அதில் புதிதாய் ஒரு சிக்கல். ‘டேக் ரெஃப்யூஜ் இன்’ என்று அமைத்திருக்கிறார்கள். ‘இன்’ என்னும் அந்தச் சிறு சொல்லால் திருவடிகள் ஏழாம் வேற்றுமையில் போய்விட்டன. திருவடிகளில் புகலைப் பெறுகிறேன் என்றால், புகல் வேறு, திருவடிகள் வேறு என்று ஆகிறது. ஸாமாநாதிகரண்யம் மறுபடி போயிற்று. ‘ஆஸ்’ என்று வைத்து, திருவடிகளைப் புகலாகப் பற்றுகிறேன் என்னும் அமைப்பில் எழுதவேணுமென்று எழுதினேன். ஆங்கிலத்தில் அப்படி யாரும் சொல்வதில்லை, காதுக்கு முரடாயிருக்கிறது என்று மறுமொழி வந்திருக்கிறது. ‘பற்றுகிறேன்’ என்பதற்கு ‘டேக்’ போதுமா என்றும் அடியேனுக்கு ஸமாதானமாகவில்லை. எடுத்துக்கொள்ளுதலும் பற்றுதலும் ஒன்றன்று. புத்தகம் பங்குனி உத்தரத்துக்குள் வெளிவரவேணும் என்கிறார்கள். அதற்குள் இன்னுமொரு கடிதம் எழுதவேணும்.

அடியேன் ராமாநுஜதாஸன்